எந்த மூட்டுவலி?

சாத்தான்குளம், உடன்குடி பக்கத்தில் பனை ஏறிப் பிழைத்த பெரியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பருவ காலத்தில் நாளைக்கு முப்பது மரம், நாற்பது மரம். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். காலில் தளைநார், கையில் முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் பெட்டி. உடம்பின் பாரம் முழுவதையும் முழங்காலும் கணுக்காலும்தான் சுமந்தன. இன்றைக்கு அவர்களில் பலர் திண்ணையை விட்டு இறங்கவே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கேட்டால், "வாய்வு, வேறென்ன?" என்பார்கள்.

அப்படி ஒருவர் வீட்டுக்குள்ளே போனால் அங்குள்ள அம்மாவுக்கும் வலி. அவருக்கு முழங்காலில் இல்லை, கைவிரல்களில். காலையில் கருப்பட்டிக் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதற்கும் பெயர் வாய்வுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடுராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. அதுவும் வாய்வுதான்! மூன்று பேருக்கும் ஒரே தைலம், ஒரே கஷாயம்.

இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். மூட்டுவலிக்கு நம் பக்கத்தில் நல்ல கைமருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் மருந்தைக் கேட்பதற்கு முன்னால், வந்திருப்பது எந்த மூட்டுவலி என்று கேட்டாக வேண்டும். இது ஆங்கில மருத்துவர்கள் மட்டும் சொல்லும் பேச்சு என்று நினைக்காதீர்கள். சித்த மருத்துவம் வாத நோய்களையே எண்பதாகப் பிரிக்கிறது. அதில் கீல்வாயுவை மட்டும் தனியே எடுத்துப் பத்து வகை சொல்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை, நாம்தான் சொல்லிக்கொள்கிறோம்.

பனையேறிப் பெரியவருக்கு வந்திருப்பது மூட்டுத் தேய்மானம். காலையில் எழுந்தால் ஒரு பிடிப்பு இருக்கும், நாலு எட்டு நடந்தால் அரை மணிக்குள் விட்டுவிடும். படி ஏறினால், சம்மணம் போட்டு எழுந்தால் வலி கூடும். அந்த அம்மாவுக்கு வந்திருப்பது முடக்குவாதம். விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒன்றுபோல வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குவதால் வருவது இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருப்பது யூரிக் அமிலம் படிகமாக மூட்டில் சேர்ந்ததால் வந்த வலி. மூன்றுக்கும் வலி ஒன்று, வழி வேறு.

முதலில் தேய்மானத்துக்கு வருவோம். நம் கைமருந்து நன்றாகப் பலன் தரும் இடம் இதுதான். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம், நொச்சி இலையையோ எருக்கு இலையையோ வதக்கிக் கட்டுவது, கடற்கரைப் புன்னை எண்ணெயையோ வேப்பெண்ணெயையோ இளஞ்சூடாகத் தேய்ப்பது, இவை எல்லாமே தசைப் பிடிப்பைத் தளர்த்தும். வலியும் கொஞ்ச நேரம் அடங்கும். தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளர்ந்துவிடாது. ஆனால் வலி அடங்கினால் ராத்திரி தூக்கம் வரும், காலையில் நடக்க முடியும். அதுவே பெரிய லாபம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். உப்பு ஒத்தடத்தின் சூடு தெரியாமலே தோல் வெந்து புண்ணாகிவிடும். அவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கிறவர் முதலில் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு, காசில்லாதது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். பிறகு அடுத்த கால். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை. முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் இல்லை, தொடைத் தசையும்தான். அது வலுத்தால் மூட்டுக்குப் பாரம் குறையும். உடல் எடையும் அப்படித்தான். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தைலத்துக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியைத் தொடைத் தசைக்குக் கொடுத்தால் போதும் என்பேன். வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் தசை மெலியும், மூட்டு இன்னும் மோசமாகும். நடப்பதற்குத் தேரி மணலைத் தேட வேண்டாம். கால் புதையும் மணலில் நடப்பது முழங்காலுக்குக் கூடுதல் வேலை. கெட்டித் தரையே நல்லது. குளத்தில் தண்ணீர் இருக்கிற மாதங்களில், நீச்சல் தெரிந்தவர் துணையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தால் அதைவிட நல்லது. தண்ணீர் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

சமையலறைக்கு வருவோம். மஞ்சளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தாய்லாந்தில் 367 முழங்கால் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மஞ்சள் சாறு, மீதிப் பேருக்கு இபுப்ரோஃபென் மாத்திரை. நான்கு வாரத்தில் இரண்டு பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் கொடுத்தது நாளைக்கு 1,500 மில்லிகிராம் செறிவூட்டிய சாறு. நம் மஞ்சள் பொடியில் அந்தச் சாற்றின் முக்கியச் சத்து நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும். குழம்பில் போடும் ஒரு சிட்டிகை குழம்புக்கு நல்லது, முழங்காலுக்கு எட்டாது. அதற்காக மஞ்சள் மாத்திரைப் புட்டியை வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கடைகளில் விலை உயர்ந்த டப்பாவில் விற்கும் குளுக்கோசமினும் இப்படித்தான். அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. மொத்தத்தில் பார்த்தால் வெறும் மாவு மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி மேலாக அது இல்லை.

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், சாத்தான்குளம் முருங்கைக் கீரை, சுக்குக் காப்பி எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். சத்தான உணவு, ருசியும் கூட. சுக்குக் காப்பியில் கருப்பட்டியை மட்டும் அளவோடு போடுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும், சர்க்கரை நோயாளியின் ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

மீனில்தான் வேடிக்கை. நம் கடற்கரைச் சாளை மீனில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. முடக்குவாதக்காரருக்கு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், அந்த அம்மாவுக்கு நல்லது. அதே சாளையும் நெத்திலியும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். பெருவிரல் வீங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாது. ஆட்டு ஈரலும் பீரும் அவருக்கு மோசம்தான். ஒரே சட்டிக் குழம்பு ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வினை. சூட்டு ஒத்தடமும் இதே கதைதான். சிவந்து கொதிக்கும் மூட்டின் மேல் வறுத்த உப்பை வைத்தால் வலி கூடும். அங்கே குளிர்ந்த ஒத்தடம்தான் சரி.

பெருவிரல் வலி என்றதும் ஒரு செடி நினைவுக்கு வருகிறது. நம் மாநில மலரான செங்காந்தள். நம் பக்கத்தில் வேலி ஓரத்தில் தானாகவே படர்ந்து கிடக்கும், கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்பார்கள். அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற பொருள் இருக்கிறது. யூரிக் அமில வலிக்கு உலகம் முழுவதும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரை அதுதான். தமிழ்நாட்டு விவசாயிகள் அந்த விதையை ஏற்றுமதிக்காகவே பயிர் செய்கிறார்கள். சரி, கிழங்கு வேலியிலேயே இருக்கிறதே, அரைத்துச் சாப்பிடலாமே என்றால், ஆளையே கொன்றுவிடும். மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும். இயற்கையானது என்றால் கெடுதல் செய்யாது என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் செடியைக் காட்டுங்கள்.

செடியைவிட எனக்குப் பயம் பொட்டலத்தைப் பார்த்தால்தான். சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பெயரில்லாத சூரணம் விற்பார்கள். 'மூணே நாளில் வலி போகும்' என்பார்கள். போகவும் போகும்! அப்படிப் போனால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. வாத நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பொட்டலம் சந்தையில் இருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. உப்பளத்தில் வெயிலில் காய்ந்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் அந்த மாத்திரையை நாள்தோறும் போட்டால் சிறுநீரகம் கெடும்.

எப்படி இத்தனை மருந்துகளுக்கும் நல்ல பெயர் கிடைக்கிறது? 2006-இல் சிக்குன்குனியா வந்ததை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் சில நாளில் போனது, மூட்டுவலி மாதக்கணக்கில் நின்றது. ஊரே குனிந்து நடந்தது. கை வைத்தியம் எதையும் விடவில்லை நாம். பெரும்பாலோருக்கு வலி நாளாக ஆகத் தானாகவே குறைந்தது. அந்த நேரத்தில் கையில் எந்தத் தைலம் இருந்ததோ, அதற்குப் பெயர் கிடைத்தது. தேய்மான வலியும் ஏறும், இறங்கும். ஏறும்போதுதான் நாம் மருந்து தேடுகிறோம், அதன்பின் அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. எனவே இன்னாருக்குக் குணமானது என்பது மட்டும் ஒரு மருந்துக்குச் சாட்சி ஆகாது.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் இப்போது கம்ப்ரசர் காற்றைக் குழாயில் பிடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருக்கிறார்கள். மேலே வந்ததும் தோளிலும் முழங்காலிலும் வலி எடுத்தால், அது வாதம் இல்லை. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வரும்போது குமிழியாகிறது. அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆக்சிஜன் வேண்டும், மருத்துவமனை வேண்டும். கவனிக்காமல் திரும்பத் திரும்ப வந்தால் இடுப்பு எலும்பும் தோள் எலும்பும் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும்.

கடைசியாக அந்த அம்மாவிடம் வருகிறேன். முடக்குவாதத்துக்கு ஒத்தடமும் எண்ணெயும் துணைக்கு இருக்கலாம், தலைமை தாங்கக் கூடாது. ஆரம்ப மாதங்களிலேயே சரியான மருந்து தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். கோணிய பிறகு எந்த மருத்துவத்தாலும் நிமிர்த்துவது கடினம். அதற்கு மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கஷாயம் குடிக்கத் தொடங்கியதும் நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள் முறையாகப் படித்தவரிடம் போங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. தொக்கணம், ஒத்தடம், பற்று என்று வெளிச் சிகிச்சைகளும் அங்கே உண்டு. வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் மற்றவர் கொடுத்த மருந்தையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மறைக்க வேண்டாம்.

நாளைக் காலை எழுந்ததும் விரல்களை மடக்கிப் பாருங்கள். இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், விரல் கணுவில் வீக்கமும் இருந்தால், அடுத்த பௌர்ணமி, அடுத்த சம்பளம் என்று தள்ளாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உள்ளே போனதும் முதலில் அந்த நேரக் கணக்கைச் சொல்லுங்கள்.