நார்வேயில் படிக்கும் பிள்ளையும் அடமானத்தில் இருக்கும் வீடும்

(லிங்கராஜபுரத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "என் மகன் நார்வேயில் படிக்கிறான். ராத்திரி எட்டரைக்குப் போன் பேசுகிறான். அங்கே சாயங்காலம் நாலு மணி என்கிறான். ஜன்னலில் பார்த்தால் கும்மிருட்டு! பிள்ளை பொய் சொல்கிறானா, ராத்திரி ஷிப்டுக்குப் போகிறானா?"

பிள்ளை பொய் சொல்லவில்லை, அம்மா. டிசம்பரில் ஆஸ்லோ நகரில் மூன்றேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். வடக்கே திரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலை காட்டுவதே இல்லை. போன புதிதில் தூக்கம் கெடும், மனம் சோரும். அதைச் சோம்பல் என்று நாம் இங்கிருந்து திட்டுவது தகாது.

மற்றதெல்லாம் பழக்கம்தான். பகலில் ரொட்டித் துண்டு, மாலை நாலு ஐந்துக்கே சூடான சாப்பாடு. வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நம் பிள்ளைக்கு நாக்கு எழாது. அடுக்கு வீடுகளில் துணி துவைக்கப் பொது அறை. நேரத்தை முன்கூட்டிக் குறித்து வைத்து, அந்த நேரத்தில் முடித்துவிட வேண்டும். குழாயடியில் குடம் வைத்து முறை காத்த நமக்கு இது என்ன புதிது?

ஆனால் ஒன்று பழக்கத்தால் வராது. அது மொழி. இதைச் சொல்ல ஒரு பழைய கதை வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த ஆண்டனி இராஜேந்திரம் 1956இல் நார்வே போனார். மீன்பிடித் தொழில் கற்றார். நார்வே நண்பர்களின் துணையோடு 1967இல் யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் காட்டிய வழியில் பல இளைஞர்கள் போனார்கள். 1975இல் நார்வே வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கதவை அடைத்தது. மாணவருக்கு ஒரு சிறு வாசல் இருந்தது. அங்கே தேர்வும் பட்டமும் இல்லாத, விடுதியில் தங்கி ஓராண்டு படிக்கும் மக்கள் பள்ளிகள் உண்டு. 1980களில், குறிப்பாக 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு, ஈழத்து இளைஞர்கள் அந்தப் பள்ளிகளின் வழியே உள்ளே போனார்கள். பின்பு பலர் வடகோடியில் உள்ள பின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் நின்று குளிரில் மீன் அறுத்தார்கள்.

அந்த ஓராண்டில் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அந்நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் உண்டு, ஒரே விடுதியில் உறங்கியதில் மொழி கிடைத்தது. மேஸ்திரியிடம் கூலிக் கணக்குக் கேட்கவும் தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசவும் அந்த மொழிதான் வேண்டியிருந்தது. எங்கள் கருத்தில் அதுவே அவர்கள் பெற்ற படிப்பு.

நமக்கு இது தெரியாததா? கன்னடம் தெரியாமல் வந்து, வேலைத்தலத்திலும் கடையிலும் கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள் நாம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, அண்டை வீட்டாரோடு அவர் மொழியில் பேசிப் பழகியிருந்தது எவ்வளவு உதவியது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். அன்று அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. இன்று அப்படி இல்லை. டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், நார்வே 2023இலும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவருக்குக் கட்டணம் விதித்துவிட்டன. "நார்வேயில் படிப்பு இலவசம்" என்று இன்றும் சொல்லும் ஏஜெண்டு பழைய பாட்டைப் பாடுகிறார். கட்டணம் போக, அங்கே தங்கும் செலவுக்கும் பணம் காட்ட வேண்டும். "பகுதி நேர வேலை பார்த்துக் கடனை அடைப்பான்" என்பார்கள். நார்வேயில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. அந்த வேலைக்கும் கடைக்காரர் முதலில் கேட்பது, "நார்வே மொழி பேசுவாயா?" என்பதே.

போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தையல் மிஷினில் குனிந்து குனிந்து முதுகு வளைந்த தாயின் பிள்ளை ஆஸ்லோவில் படித்தால் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன், பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தையும் ஏஜெண்டு கொடுத்த தாளையும் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் ஞாயிறு மாலைகளில் இங்கே இருப்பார்கள்; வரிக்கு வரி தமிழில் படித்துச் சொல்வார்கள். போகப் போகிற பிள்ளையும் கூட வரட்டும்.