பணிப்பெண் பயிற்சி: நீங்கள் காசு கட்டிய பாடம்



2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனைக்குடிக் கடலோரத்தை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு கிடைத்தது. ஆனால் அடுப்பில் உலை வைக்க வருமானமும் வேண்டுமே. அந்த இடத்தில்தான் சப் ஏஜன்ட் வந்து கதவைத் தட்டுகிறார். "பயிற்சிக்கெல்லாம் போகத் தேவையில்லை ராத்தா, சேட்டிபிக்கட்டை நாங்க எடுத்துத் தாறம். விசிட் விசாவில போங்க, அங்க மாத்திக்கலாம்" என்கிறார்.

இந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். முதல்தடவை பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போகிறவருக்குப் பயிற்சி கட்டாயம். அது இப்போது தேசிய தொழில் தகைமை மூன்றாம் மட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இதை அரசாங்கம் சும்மா தருவதாக நினைக்க வேண்டாம். பணியகத்தின் வருமானம் பெரும்பாலும் நீங்கள் கட்டும் பதிவுக் கட்டணத்தாலும் முகவர் நிலையங்கள் கட்டும் கட்டணங்களாலும் வருவது. நாட்டுக்கு டொலர் அனுப்புகிற பெண்களின் பயிற்சிக்குத் திறைசேரியும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைப் பேச வேண்டிய இடம் வேறு. உங்கள் காசில் நடக்கும் வகுப்பை நீங்களே விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூதூர் ரிஸானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது 17. கடவுச்சீட்டிலோ 1982இல் பிறந்ததாகப் பதிந்திருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பிள்ளையிடம் கைக்குழந்தையையும் ஒப்படைத்தார்கள். குழந்தை பராமரிப்பில் அவருக்குப் பயிற்சி இருக்கவில்லை. போத்தல் பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்றார் அவர். நீதிமன்றம் கொலை என்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது.

வகுப்பில் வொஷிங் மெசினும் அரபுச் சொற்களும் மட்டுமல்ல, குழந்தை பராமரிப்பும் முதலுதவியும் சொல்லித் தருகிறார்கள். காசு கொடுத்து எடுத்த சேட்டிபிக்கட் புரையேறிய குழந்தையின் முதுகைத் தட்டாது. ஆகவே வகுப்பில் வெட்கப்படாமல் கேளுங்கள், பொம்மையில் செய்து பாருங்கள். வீடு கூட்ட எங்களுக்குத் தெரியாதா என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

விசிட் விசாவில் போனால் பணியகத்தில் பதிவு இருக்காது. பதிவு இல்லையென்றால் காப்புறுதியும் இல்லை. 2022 இறுதியில் ஓமான் விவகாரம் வெளிவந்தபோது, சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்ட பெண்கள் என்ன பாடு பட்டார்கள் என்று பத்திரிகைகளில் பார்த்தோம்.

யாருக்கும் கடவுச்சீட்டைக் கொடுக்குமுன் கல்முனை பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அந்த ஏஜென்சிக்கு இப்போது அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று கேளுங்கள். பிறந்த திகதியை ஒரு நாள்கூட மாற்ற விடாதீர்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை, எசமானின் பெயர் மூன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் ஒப்பமிடுங்கள். ஒரு போட்டோக் கொப்பி உம்மாவிடமோ மூத்த மகளிடமோ இருக்கட்டும்.