இரவில் வரும் குரக்குவலி
(ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் முதலியவற்றைப் பற்றிப் பேசும் இவ்விடத்தில் கெண்டைக்கால் வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பகலெல்லாம் வயலில் உழைத்தவருக்கு இரவுத் தூக்கமே மறுநாள் உழைப்புக்கு மூலதனம். அத்தூக்கத்தைக் கெடுப்பது எதுவாயினும் அது வேளாண்மையையும் கெடுப்பதே ஆகும். ஆகவே இதுவும் ஊர்ப் பொதுக் காரியங்களுள் ஒன்றே எனக் கருதுகிறேன்.

அயர்ந்து உறங்கும் நடுநிசியில் கெண்டைச் சதை திடீரென்று கல்லைப்போல் இறுகிக்கொள்கிறது. காலை நீட்டவும் இயலாது, ஊன்றவும் இயலாது. சில விநாடிகள் முதல் சில நிமிஷங்கள் வரை வாட்டிவிட்டுப் பின்பு தானே தளர்கிறது. சிலருக்கு மறுநாளும் நோவு தங்கியிருக்கும். இதனைக் குரக்குவலி என்றும், காற்பிடிப்பு என்றும் கூறுவர். 'நரம்பு சுண்டி இழுக்கிறது' என்பதும் நம் ஊர் வழக்கே. சதையை இயக்கும் நரம்பு வேண்டாத வேளையில் ஓயாது தூண்டுவதனால், சதை தன் வசமின்றிச் சுருங்கி இறுகுவதே இந்நோவாகும்.

60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவரை இது அவ்வப்போது துன்புறுத்துகிறது. பெரும்பாலோர்க்கு இதனால் உயிராபத்து ஏதும் இல்லை. ஆனால், காரணம் இன்னதென ஆராயாமல் கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்குவதும், மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்தானவை. 'எனக்கு இது எதனால் வருகிறது?' என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வயது. முதுமையில் சதையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் குறுகுகின்றன; சதைக்குச் செல்லும் நரம்பு இழைகளும் குறைகின்றன. இரண்டாவது, படுக்கும் நிலை. மல்லாந்து படுத்துக் கனமான போர்வையைக் காலின்மேல் இழுத்துப் போர்த்தினால் பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது. அப்போது கெண்டைச் சதை முன்னமே சுருங்கிய நிலையில் இருப்பதால், சிறு தூண்டுதலிலும் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது, வேலை. நாள் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்கள், கரும்பு வெட்டுவோர், நீண்ட நேரம் நின்றபடியே வேலை செய்வோர் ஆகியோர்க்குச் சதை களைத்துப்போகிறது. பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் கடும் வேலை செய்தவர்க்கும் அன்றிரவு பிடிப்பு வருதல் உண்டு.

நான்காவது, வெயிலும் வியர்வையும். வியர்வையோடு நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகிறது. வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வெறும் தண்ணீரை ஏராளமாகக் குடித்த தொழிலாளர்க்குச் சதைப்பிடிப்பு வருவதையும், தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்துக் கொடுத்தபோது அது தணிவதையும் 1920-களில் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர்கள் கண்டறிந்தனர். சித்திரை வெயிலில் உழைப்பவருக்கு நீராகாரமும் உப்பிட்ட மோரும் கொடுத்த நம் முன்னோர் வழக்கம் இதற்கு முற்றிலும் பொருந்துவதே. ஆயினும் ஓர் எச்சரிக்கை! இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டுதல் கூடாது. சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் வாழைப்பழத்தையும்கூடக் கேட்டே உண்ணவேண்டும். அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்காகலாம்.

ஐந்தாவது, மருந்துகள். இரத்த அழுத்தத்திற்கும் உடல் வீக்கத்திற்கும் கொடுக்கப்படும், சிறுநீரை மிகுதியாகப் பிரியச்செய்யும் மாத்திரைகள் காற்பிடிப்பை உண்டாக்கக்கூடும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துகளுள் நெடுநேரம் வேலை செய்யும் சிலவும் அவ்வாறே. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையால் சிலருக்குச் சதை நோவு வருதல் உண்டு. இதைக் கேட்டவுடன் மாத்திரையை வீசி எறிந்துவிடாதீர்கள்! காற்பிடிப்புக்கு அஞ்சி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர் பக்கவாதத்தில் விழுந்தால், அந்நஷ்டத்தை யார் ஈடு செய்வது? மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ அவருக்கு வழி தெரியும்.

ஆறாவது, உள்ளே மறைந்திருக்கும் நோய்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு ஆகியவற்றில் இப்பிடிப்பு அடிக்கடி தோன்றுகிறது. மதுப் பழக்கமும் இதற்குத் துணை செய்கிறது. பீடி, சுருட்டுப் பழக்கமுள்ளவர்க்குக் காலின் இரத்தக்குழாய் சுருங்கி அடைபடுதல் உண்டு. அவர்கள் சிறிது தூரம் நடந்தாலே கால் வலிக்கும், நின்றால் வலி நீங்கும், பாதம் குளிர்ந்திருக்கும். இதனைச் சாதாரணக் குரக்குவலி என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால், முடிவில் காலையே இழக்க நேரிடலாம்.

ஏழாவது, கருப்பம். பிள்ளைப்பேற்றுக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்மார்கள் பலருக்கு இரவில் காற்பிடிப்பு வருகிறது. இதற்கு அஞ்சவேண்டுவதில்லை; ஆனால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூறுதல் வேண்டும்.

இனி, மருந்தைப் பற்றி ஒரு சொல். நம் நீலகிரியில் 1860-களில் சிங்கோனா மரங்கள் பயிரிடப்பெற்றன. அதன் பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா, மலேரியாவுக்கு மருந்து. அதனையே காற்பிடிப்புக்கும் பல நாடுகளில் கொடுத்துவந்தனர். அது பிடிப்பை ஓரளவு குறைப்பது உண்மையே. ஆயினும் இரத்தம் உறைவதற்கு வேண்டிய நுண்தட்டுகளை அழித்தும், இருதயத் துடிப்பைக் குலைத்தும் சிலரது உயிருக்கே உலை வைத்தது. ஆகவே, காற்பிடிப்புக்கென்று மருத்துவர் சீட்டின்றி அதனை விற்றலை 1994-இல் அமெரிக்க அரசு தடுத்தது. மக்னீசிய மாத்திரையால் முதியோர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2020-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. 'சத்து ஊசி' என்று சொல்லிக் காசு பறிப்போரிடமும் ஏமாறாதீர்கள்.

பின் என்னதான் செய்வது? பிடிப்பு வந்தவுடன் முழங்காலை நீட்டி, கால்விரல்களைப் பற்றி முகத்தை நோக்கி மெல்ல இழுக்கவேண்டும். சதையை இதமாகத் தேய்த்துவிட்டு, எழுந்து நாலு அடி நடக்கலாம். வராமல் தடுக்கவோ, செலவில்லாத வழி ஒன்று உண்டு. படுக்கச் செல்லுமுன் சுவருக்கு எதிரே இரண்டடி தள்ளி நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி முன்னே சாயுங்கள். கெண்டைச் சதை நீளுவதை உணர்வீர்கள். பத்து விநாடி நின்று தளர்த்துங்கள். இவ்வாறு மூன்று முறை. நெதர்லாந்து நாட்டில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைச் சதையையும் தொடையின் பின்சதையையும் ஆறு வாரம் இரவுதோறும் நீட்டிப் பயின்றவர்க்குப் பிடிப்பு வருவதும் அதன் கடுமையும் குறைந்தன.

வாரத்தில் பல இரவுகள் பிடிப்பு வந்தால், கால் மரத்துப்போனால், வலுக் குறைந்தால், நடக்கும்போது வலித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் தோன்றினால், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே செல்லவேண்டும். கருப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றோரும் இதில் விழிப்பாயிருத்தல் மிகவும் அவசியம்.

ஊராட்சி அங்கத்தினர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஊராட்சி வேலை நடக்கும் இடங்களில் நிழலும் குடிநீரும் தவறாமல் இருக்கச் செய்யுங்கள். கோடையில் வேலையை அதிகாலையில் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கண்டறிய வீடு தேடி வந்தனர். அத்தகைய சோதனைகளுக்கு ஊரார், குறிப்பாகத் தனியே வாழும் முதியோர், தயங்காமல் உட்படுமாறு எடுத்துச் சொல்லுங்கள்.

ஏரிக்கரையில் சிறு கசிவு கண்டால், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்த பின்னரே மண் போடுகிறோம். நடுநிசியில் வரும் இந்நோவும் அத்தகையதே. இன்றிரவு படுக்குமுன் சுவரருகே ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாளைக் காலையில் உங்கள் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.