வீட்டுக் கிணறும் அரசு தந்த சிமென்ட்டும்

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே கிராமங்களில் வீட்டுக்கு வீடு கிணறு தோண்டிக்கொள்வது பழைய வழக்கம். வெறும் மண் கிணறு. மழை பெய்தால் அழுக்கு நீர் நேராக உள்ளே இறங்கிவிடும்.

1980களில் அங்கிருந்த பிளேர் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் மார்கன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு வழி தேடினார்கள். கிணற்றின் உட்புறம் செங்கல் கட்டு, வாயைச் சுற்றிச் சிமென்ட் தளம், சிந்தும் நீர் தள்ளிப்போய் வடிய ஒரு வாய்க்கால், மேலே தகர மூடி. கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி உருளையில் சுருண்டு வாளி மேலே வரும். பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

செலவு யாருடையது? தோண்டுவது, செங்கல், மணல், கொத்தனார் கூலி எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. சில மூட்டை சிமென்ட், மூடி, உருளை ஆகியவை அரசும் தொண்டு நிறுவனங்களும் தந்த மானியம். கொடுத்தது கொஞ்சம்தான், ஆனால் குடும்பங்கள் கைக்காசை நம்பிக்கையோடு போட அது போதுமானதாக இருந்தது. பல்லாயிரம் கிணறுகள் இப்படி உருவாயின.

நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் ஊர்களுக்கும், தோண்ட வசதியில்லாத ஏழைகளுக்கும் இது உதவாது. அங்கே பொதுக் கைபம்பு போட்டுத்தர வேண்டியது அரசின் கடமை. அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிணறு கிடைத்த வீடுகளிலோ குடிநீரோடு காய்கறித் தோட்டமும் வந்தது. தக்காளியும் கீரையும் விற்ற காசு வீட்டுச் செலவுக்கு உதவியது.