தாழ்ந்த வண்டியும் தகுந்த சில்லும்

1959ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்த மினிக் காரின் நீளம் 10 அடியே. சில்லின் விட்டமோ 10 அங்குலம். 1964இல் மொன்றே காலோ பந்தயத்தில் பெரிய வண்டிகளை வென்றது இவ்வினத்துக் காரே. அதனை மேலும் தாழ்த்தி, பெரிய சில்லுப் பூட்டுதல் வேண்டும் என்பது அதனை உடையோர் பலரின் ஆசை.

தாழ்த்துவதனாற் பயன் உண்டு. பாரம் நிலத்தை நெருங்குவதால், வளைவுகளில் வண்டி சாய்வது குறைகிறது. ஆயினும், பெரும்பாலான மினிகளைத் தாங்குவன சுருள்விற்கள் அல்ல, றப்பர்க் கூம்புகளே. அவை அசைந்து கொடுக்கும் தூரம் இயல்பிலேயே சிறிது. வண்டி மிகத் தாழ்ந்தால், பள்ளத்தில் இறங்குகையில் டயர் மட்காட்டில் உராய்ந்து வெட்டுண்ணும்.

சில்லைத் தெரியும்போது டயரின் மொத்த உயரம் மாறலாகாது. மாறின் வேகமானி தவறு காட்டும். 12 அங்குலச் சில்லுக்குரிய 145/70 டயரும், 13 அங்குலச் சில்லுக்குரிய 175/50 டயரும் ஏறத்தாழ ஒரே உயரமுடையன. ஆனால் முன்னதன் பக்கச்சுவர் 101.5 மில்லிமீற்றர், பின்னதனது 87.5. குறைந்துபோன அந்த றப்பரே தெருவின் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை. டயரின் அகலமோ 30 மில்லிமீற்றர் கூடிவிடுகிறது.

தாழ்த்துவதும் சில்லை மாற்றுவதும் ஒரே மெத்தையிலிருந்து எடுக்கும் கடன்களாம். ஆதலின், சிறிதே தாழ்த்தி, பின்னிருக்கையில் இருவரை அமர்த்தி, சுக்கானை இருபுறமும் முற்றாகத் திருப்பி, டயர் எங்கேனும் தட்டுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அழகு அதன் பின்னரே.