ஒப்பந்தமும் உடன் வேலை செய்வோரும்



“நாம் ஒருவருக்கும் ஊழியரல்லோம், ஒப்பந்தத்திற்கு வேலை செய்பவர்கள். நாளை நாமே போட்டியாக ஒரு தொழில் தொடங்கி, உடன் வேலை செய்வோரையும் அழைத்துச் சென்றால் தடுப்பவர் யார்?” இவ்வாறு எண்ணும் இளைஞர் பலர். இவ்வெண்ணத்திற் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து. ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1851ஆம் ஆண்டில், இலண்டனில் நாடகசாலை நடத்திய பெஞ்சமின் லம்லி என்பவர், ஜொஹான்னா வாக்னர் என்னும் ஜெர்மானியப் பாடகியை 1852இல் மூன்று மாதங்கள் பாடும்படி ஒப்பந்தஞ் செய்தார். அவ்வேளையில் தம் அனுமதியின்றி அவர் வேறெங்கும் பாடலாகாது என்பது நிபந்தனை. போட்டி நாடகசாலைக்காரரான பிரெடரிக் ஜை, கூடிய பணந் தருவதாகச் சொல்லிப் பாடகியைத் தம் பக்கம் இழுத்தார். லம்லி தடைக் கட்டளை பெற்றார். பின்னர் ஜைமீது நட்டஈடு கேட்டும் வழக்கிட்டார்.

ஜை தரப்பின் வாதம் யாது? பிறர் வேலையாளை இழுப்பதைத் தடுக்கும் விதி, 14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயால் ஆட்பஞ்சம் ஏற்பட்டபோது எழுந்த சட்டத்திற் பிறந்தது. பாடகியோ வேலையாளல்லர் என்பதே. 1853இல் நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் இதனை ஏற்கவில்லை. ஒப்பந்தம் உண்டென அறிந்தும் அதனை முறிக்கத் தூண்டுபவர் பொறுப்பாளியாவார் என்றனர். பின்வந்த தீர்ப்புகள் இக்கொள்கையைப் பிறவகை ஒப்பந்தங்களுக்கும் விரித்தன. ஆயினும், ஒப்பந்தம் பாடகியைக் கட்டுப்படுத்தாது என ஜை மெய்யாகவே நம்பினார் என்று கண்ட யூரிமார், 1854இல் அவரை விடுவித்தனர். தூண்டுபவர் அறிந்து செய்தாரா என்பதே முக்கியமென்பதை 2007இல் பிரபுக்கள் சபையும் வலியுறுத்தியது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, முறைப்படி அறிவித்தல் கொடுத்து விலகும் ஒருவரைச் சேர்த்துக் கொள்ளுதல் முறிவன்று. “தவணை முடியுமுன் விட்டுவிட்டு வா” என்று தூண்டுதலே வழக்கிற்கு வழி. இரண்டாவது, “உடன் வேலை செய்வோரை அழைக்கமாட்டேன்” என்று நாமே கையொப்பமிட்டிருக்கலாம். 1894ஆம் ஆண்டின் நோர்டன்பெல்ட் தீர்ப்பின்படி, தொழிலைத் தடுக்கும் இத்தகைய நிபந்தனை நியாயமான அளவினதாயின் மாத்திரமே செல்லும். இந்தியாவிலோ 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழிற்றடை ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாதனவாக்குகிறது. ஆகவே நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். மூன்றாவது, நம்பிக்கையிற் காட்டப்பட்ட சம்பள விபரத்தையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துச் செல்லலாகாது. இரகசியம் காக்கும் கடமை ஊழியருக்கு மட்டும் உரியதன்று.

தோழர்களே, வழக்கால் நட்டப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். ஜை தம் நாடகசாலையை நடத்தினார். அந்தப் பாடகியோ 1852இல் இரண்டு அரங்குகளிலும் பாடவில்லை. அழைப்பவனுக்கு வழக்கறிஞர் இருக்கலாம். நம்பி வருபவனுக்கு அன்றாட உழைப்பே உண்டு. ஆதலின் நண்பனை அழைக்குமுன் அவனுடைய ஒப்பந்தத்தையும் நம்முடையதையும் வாசிப்போம். ஐயமிருப்பின் சட்டமறிந்தாரைக் கேட்போம். சேர்ந்து தொழில் தொடங்குதல் சிறப்பே. சேர்ந்து வருபவனைக் காத்தல் அதனினும் சிறப்பு.