மின்னணுச் சான்றும் அலுவலர் கடமையும்

(அரசு அலுவலர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



நான் பொருளாதாரம் பயின்றவன். கணிப்பொறி வல்லுநன் அல்லன். காவல் துறையைச் சேர்ந்தவனும் அல்லன். ஆயினும் மின்னணுத் தடயங்களைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. அரசின் கோப்பு, வங்கியின் பேரேடு, வணிகரின் கணக்கு ஆகியவை இன்று பெரும்பாலும் மின்னணு வடிவில் உள்ளன. இவற்றுள் எது, எப்போது, எந்த வழக்கில் சான்றாக மாறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அந்த நாளில் சான்றைக் காத்துத் தரவேண்டியவர் ஆய்வுக்கூட நிபுணர் மட்டுமல்லர். கருவியைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் சாதாரண அலுவலரும் ஆவார்.

ஒரு வழக்கு தரும் பாடம்

2014-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் ஜால்னா தொகுதியில் ஒரு வழக்கு எழுந்தது. வெற்றி பெற்றவரின் வேட்புமனு, குறித்த நேரம் கடந்த பின்னரே தாக்கல் செய்யப்பட்டது என்பது குற்றச்சாட்டு. தேர்தல் அலுவலரின் அலுவலகத்தில் வீடியோ காமிரா அனைத்தையும் பதிவு செய்திருந்தது. ஆனால், அப்பதிவின் நகலுக்குச் சட்டம் கோரும் சான்றிதழைத் தருமாறு மனுதாரர் பன்முறை கேட்டும் அலுவலர்கள் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஜூலை 14-ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மூலக்கருவியையே நீதிமன்றத்தில் காட்டாமல் நகலை அளிப்பவர், சான்றிதழ் தந்தே ஆகவேண்டும். எனினும் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்த பின்னரும் சான்றிதழ் மறுக்கப்பட்டால், இயலாததைச் செய்யுமாறு சட்டம் ஒருவரை வற்புறுத்தாது என்று அது கூறியது.

மனுதாரரைச் சட்டம் காப்பாற்றியது. ஆனால் தம் கையில் இருந்த பதிவுக்கு ஓர் ஏட்டில் கையெழுத்திட அலுவலர்கள் முன்வந்திருந்தால் இவ்வளவு வாதம் தேவைப்பட்டிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் நடந்து வந்த பாதை

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாகவே 65பி என்னும் பிரிவு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், 2005-இல், சான்றிதழ் இல்லாத தொலைபேசி அழைப்புப் பட்டியலையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2014 செப்டம்பர் 18-இல், கேரளத் தேர்தல் வழக்கொன்றில், சான்றிதழ் இன்றி அளிக்கப்பட்ட குறுந்தகடுகளை அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2018-இல் விதி தளர்ந்தது. 2020-இல் மீண்டும் உறுதி பெற்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அந்த இடத்தைப் பெற்றுள்ளது. சான்றிதழ் இப்போது இரு பகுதிகளாக உள்ளது. முதற்பகுதியைச் சான்றை அளிப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

சான்று எவ்வாறு கெடுகிறது?

ஹாஷ் மதிப்பு என்பது ஒரு கோப்பின் கைரேகை எனலாம். கோப்பு எவ்வளவு பெரிதாயினும் ஷா-256 என்னும் முறை அதை 64 குறிகள் கொண்ட ஒரு வரியாகச் சுருக்கித் தரும். ஓர் எழுத்து மாறினாலும் அவ்வரி முற்றிலும் மாறிவிடும். கைப்பற்றிய அன்று கணக்கிட்ட மதிப்பும், விசாரணை நாளன்று கணக்கிட்ட மதிப்பும் ஒன்றாயின், இடையில் எவரும் கை வைக்கவில்லை என்பது தெளிவு. பழைய எம்டி-5 முறையில் 2004-இலும், ஷா-1 முறையில் 2017-இலும் இருவேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வருமாறு செய்ய இயலும் என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். சான்றிதழ்ப் படிவத்தில் அவற்றுக்கும் இடம் உண்டு எனினும் ஷா-256 மதிப்பைத் தவறாது குறிப்பதே அறிவுடைமை.

ஆர்வமிகுதியால் ஒருவர் கைப்பற்றிய கணிப்பொறியை இயக்கிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இயக்கிய மாத்திரத்தில் பல கோப்புகளின் தேதிகள் மாறிவிடும். மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியை எண்ணிப் பாராமல் நிறுத்தினால், தற்காலிக நினைவகத்தில் உள்ளவை அழியும். பூட்டிய வட்டு மீண்டும் திறவாமலும் போகலாம். கைப்பேசியைத் தொடர்பிலிருந்து துண்டிக்காவிடில், தொலைவிலிருந்தே அதை ஒருவர் அழித்துவிடக்கூடும். ஆகவே, வட்டில் எதுவும் எழுதவிடாத தடுப்புக் கருவியின் துணையுடன் முழு நகல் எடுத்து, நகலின் மீதே ஆய்வு செய்வது முறையாகும்.

காலமும் ஒரு பகைவன். கண்காணிப்புக் காமிராவின் பதிவுக்கருவி, இடம் நிரம்பியதும் பழையதன் மீதே புதியதை எழுதிக்கொண்டு போகும். கணிப்பொறி அமைப்புகளின் இயக்கப் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது. அந்தக் காலவரம்பு கடந்த பின் கேட்டால் பதிவேடு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பண மோசடியில் மணிக்கணக்கே முக்கியம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிச் சென்றுவிடும். 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே புகார் செய்வதன் பயன் இதுவே.

முதலீடு எங்கே தேவை?

இங்கே பொருளாதார மாணவன் பேச இடம் தாருங்கள். ஆய்வுக்கூடங்களுக்குச் செலவிடுவது இன்றியமையாதது. திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனம் சைபர்செக் என்னும் ஆய்வு மென்பொருளை உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆனால் கெட்டுப்போன சான்றை எந்த ஆய்வுக்கூடமும் சீராக்கித் தர இயலாது. நோயாளி காலங்கடந்து வந்தால் பெரிய மருத்துவமனையும் கைவிரிப்பதைப் போன்றது இது. ஒரு ரூபாய்க்கு மிகுந்த பயன் கிட்டும் இடம் காவல் நிலையமும் சாதாரண அலுவலகமுமே ஆகும்.

சட்டமும் இதையே வேண்டி நிற்கிறது. முன்னர் தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களைத் துணைக் கண்காணிப்பாளரே புலனாய்வு செய்ய இயலும்; 2009 அக்டோபர் 27-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்பொறுப்பை ஆய்வாளரிடம் கொண்டுவந்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்கிறது. அடையாளத் திருட்டுக்கு 66சி பிரிவின்படி உச்சத் தண்டனை மூன்று ஆண்டுகளே. அப்பிரிவு மட்டும் பொருந்தும் வழக்கில் நிபுணர் வருவது கட்டாயமன்று. ஆய்வாளரே நிபுணரைப் போல் நடந்துகொள்ள வேண்டும்.

குடிமகனின் உரிமை

இம்முறைகள் குற்றவாளியைப் பிடிப்பதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. கைப்பற்றிய அன்றே ஹாஷ் மதிப்பை மகஜரில் எழுதினால், பின்னர் யாரும் அதில் பொய்ச் சான்றைப் புகுத்த இயலாது. நிரபராதிக்கு அதுவே கவசம். சிறு வணிகர் ஒருவரின் கணிப்பொறியை மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், அவருடைய வரிக்கணக்கும் வாடிக்கையும் அதனுடன் பூட்டப்படுகின்றன. இயலும் இடங்களில் நகல் எடுத்துக்கொண்டு கருவியைத் திருப்பித் தர நீதிமன்ற அனுமதி கோரலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் கூறியதை மறக்கலாகாது. வழக்குக்குத் தொடர்பில்லாத குடும்பப் படங்களைப் பார்ப்பது புலனாய்வு ஆகாது.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வோர் அலுவலகமும் நான்கு காரியங்களை நாளையே தொடங்கலாம். கருவிகளுக்கும் பதிவுகளுக்கும் பொறுப்பாளர் யார் என்பதை எழுத்தில் குறித்தல். கணிப்பொறி, காமிரா ஆகியவற்றின் கடிகாரங்களைச் சரியான நேரத்துடன் ஒத்துவைத்தல். கருவி கைமாறும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், கையொப்பம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுதல். சட்டப்படி சான்றிதழ் கேட்டு எவரேனும் வந்தால் தயங்காமல் தருதல். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

மாணவர்களே, நாளை நீங்களும் இத்தகைய மேசைகளில் அமர்வீர்கள். சான்றிதழ் கேட்டு ஒருவர் உங்கள் எதிரில் வந்து நிற்கும்போது, ஜால்னாவை நினைவில் கொள்ளுங்கள்.